உப்புவெளிக்கு வந்த ஒன்பது ஓடை உழுவைகள்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

2022 தைப்பொங்கல் விடுமுறைக்கு, திருகோணமலைப் பக்கத்து உப்புவெளியைச் சேர்ந்த ஓர் இளைஞர் காலி மாவட்டத்துக்குப் போனார். உடுகம பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் அவருடைய பெரியம்மா குடும்பம் இருக்கிறது. திரும்பி வரும்போது இரண்டு பொலித்தீன் பைகளில் ஒன்பது மீன்கள் கொண்டுவந்தார். அந்த ஒன்பதுக்கும் என்ன நடந்தது என்பதுதான் இந்தப் பதிவு. நான் இதற்குள் வந்தது ஆறாவது கிழமையில். அதற்கு முந்திய விஷயங்கள் அவரும் அவருடைய அம்மாவும் சொன்னவை. அவருடைய போனில் தேதியோடு இருந்த படங்களைப் பார்த்து ஒழுங்குபடுத்திக்கொண்டேன். இருவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

உழுவை என்றால் திருகோணமலையில் எல்லோருக்கும் தெரியும். கழிமுகத்திலும் குளத்திலும் கிடைக்கும் மண் நிறத்து மீன். அதை யாரும் கண்ணாடித் தொட்டியில் வைத்துப் பார்க்க ஆசைப்படுவதில்லை. தென்மேற்கின் ஈரவலய ஓடைகளில் இருக்கும் அதன் உறவுக்காரரோ வேறு மாதிரி. விரல் நீளம்கூட இல்லாத லிப்ஸ்டிக் கோபியின் (கோபி என்பது உழுவையின் ஆங்கிலப் பெயர்) ஆணுக்கு உதட்டில் சிவப்பு, உடம்பின் பின்பாதி முழுக்கச் செந்நிறம். விஞ்ஞானப் பெயர் சிசியோபஸ் யொங்க்ளாசி. 1972இல் விவரிக்கப்பட்டு, ரொட்னி யொங்க்ளாஸின் பெயரைப் பெற்ற மீன். திருகோணமலைக் கோணேசர் கோயிலின் இடிபாடுகளை 1956இல் கடலடியில் கண்ட மைக் வில்சனோடும் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கோடும் சேர்ந்து கடலில் மூழ்கித் திரிந்த அதே யொங்க்ளாஸ்தான். மீனுக்கும் எங்கள் ஊருக்கும் அவ்வளவுதான் தொடர்பு. மற்றபடி இங்கே அதற்கேற்ற ஓடையும் இல்லை, அந்தக் குளிர்ச்சியும் இல்லை.

பிடித்ததும் கொண்டுவந்ததும்

தை மாதத்தில் தென்மேற்கில் மழை குறைவு. ஓடை முழங்காலுக்குக் கீழே வற்றி, கண்ணாடி போலத் தெளிந்திருக்கும். கல்லின் கீழ்ப்பக்கம் வலையை விரித்துவிட்டு மேற்பக்கத்திலிருந்து காலால் கல்லைப் புரட்டினால், ஒட்டியிருந்த மீன் நீரோட்டத்தோடு வலைக்குள் வந்துவிடும். தோட்டத்துப் பிள்ளைகள் இரண்டு பேர் உதவ, அரை மணித்தியாலத்தில் ஒன்பது. அவர்கள் அதை வெலிகௌவா என்று சிங்களப் பெயரால்தான் சொன்னார்களாம். ஆறு மீன் லிப்ஸ்டிக் கோபி: இரண்டு ஆண், நான்கு பெண். மிச்சம் மூன்றும் கொஞ்சம் பெரியவை, சாம்பலும் பழுப்புமாகப் பட்டை போட்டவை. வயிற்றில் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி வட்டமான ஒட்டுறுப்பு இருந்ததால் ஒன்பதும் ஒரே இனம், நிறம்தான் வேறு என்று நினைத்திருக்கிறார். பின்னால் வந்த பாதிக் கஷ்டத்துக்கு வேர் இந்த நினைப்புத்தான்.

பைகளைக் கட்டும்போது வாயால் ஊதிக் கட்டினார். நாம் வெளிவிடும் மூச்சில் ஒட்சிசன் சுமார் 16 சதவீதம், காபனீரொட்சைட்டு 4 சதவீதம். வெறும் பையை விரித்துப் பிடித்துச் சும்மா காற்றை அடைத்திருந்தாலே அதைவிட நல்லது. ஒரு பையில் ஏழு மீன், மற்றதில் இரண்டு. காலியிலிருந்து கொழும்பு, அங்கிருந்து இரவு பஸ். மொத்தம் பதினான்கு மணித்தியாலம். விடியப் பார்த்தபோது ஏழு இருந்த பையில் இரண்டு செத்திருந்தன: லிப்ஸ்டிக் பெண் ஒன்று, பட்டை போட்டது ஒன்று. இரண்டு மீன் இருந்த பையில் ஒன்றும் சாகவில்லை.

முதல் ஆறு கிழமை

வீட்டில் ஏற்கெனவே மூன்று அடி நீளத் தொட்டி இருந்தது. சுமார் 130 லீற்றர் பிடிக்கும், கப்பி மீன் வளர்த்தது. புது விருந்தாளிகளுக்காக அதைச் சுத்தப்படுத்தினார். பில்டரின் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் பிழிந்து பிழிந்து வெள்ளையாகும் வரை கழுவினார். கழிவை நஞ்சற்றதாக மாற்றும் பக்டீரியா குடியிருப்பது அந்த அழுக்கில்தான். அதில் பெரும்பங்கு குளோரினோடு போய்விட்டது. அழகுக்காக எப்போதோ கரையில் பொறுக்கிய பவளக் கல்லுகள் நாலைந்தையும் உள்ளே வைத்தார்.

மூன்றாம் நாள் ஒரு பெண் மீனைக் காணவில்லை. இரண்டு நாள் கழித்து அம்மா பிரிட்ஜுக்குப் பின்னால் கூட்டும்போது கருவாடாகக் கிடைத்தது. இவை அருவிப் பாறையில் ஏறிப் பழகிய குடும்பம். ஹவாயில் இவற்றின் உறவு மீன்கள் 130 மீற்றருக்கு மேல் உயரமான அக்காக்கா அருவியையே ஏறிக் கடக்கின்றன. ஒன்றரை அடிக் கண்ணாடி எம்மாத்திரம்? அதற்குப் பிறகு தொட்டியின் மேல் நுளம்பு வலை போட்டு, சுற்றிவர இலாஸ்ரிக் கட்டினார்கள். அந்த வலை இன்றுவரை இருக்கிறது.

மிச்சம் ஆறு. கடையில் வாங்கிய செதில் தீனும் பாசி வில்லையும் நாளுக்கு இரு தடவை விழுந்தன. ஆணின் சிவப்பு வெளிறிக் கொண்டே போனது. மாசி முடிகிற நேரத்தில் எனக்கு அழைப்பு வந்தது.

“அண்ணை, தீன் போட்டா ஓடி வருதுகள். ஆனா மெலிஞ்சுகொண்டே போகுதுகள். என்ன வருத்தமெண்டு ஒருக்கா வந்து பாருங்கோ.”

நேரில் பார்த்தவை

வருத்தம் எதுவும் தெரியவில்லை. வெண்புள்ளியோ, பூஞ்சணமோ, செட்டை அழுகலோ இல்லை. ஆனால் மேலிருந்து பார்க்கும்போது தலை அகலமாகவும் அதற்குப் பின்னால் உடம்பு சடாரென்று ஒடுங்கியும் இருந்தது. பட்டினிதான்.

அரை மணித்தியாலம் தொட்டிக்கு முன்னால் கதிரை போட்டு இருந்தேன். பாசி வில்லை விழுந்ததும் லிப்ஸ்டிக் கோபி ஓடி வந்து ஒரு கடி கடித்துத் துப்பியது. திரும்பவும் கடித்துத் துப்பியது. உரிமையாளர் ‘சாப்பிடுது’ என்று நினைத்தது இதைத்தான். பட்டை போட்ட இரண்டும் வில்லைப் பக்கமே வரவில்லை. சுத்தமான கண்ணாடியில் வாயை வைத்து மேலும் கீழுமாகச் சுரண்டிக்கொண்டிருந்தன. கண்ணாடியில் ஒன்றுமே இல்லை. வெறும் தட்டை வழிக்கிற மாதிரி.

ஒரு பட்டை மீன் கண்ணாடியில் ஒட்டியிருந்தபோது வாயைக் கிட்டவாகப் பார்க்க முடிந்தது. வாய் தலைக்கு அடியில், கீழ்நோக்கி இருக்கிறது, தடித்த மேலுதடு, சுரண்டுவதற்கென்றே அமைந்த வாய். இது சிசியோப்டெரஸ், கல்லில் படியும் பாசிப்படலத்தைத் தின்கிற சாதி. வீட்டில் நாங்கள் வைத்த பெயர் கல்சுரண்டி. லிப்ஸ்டிக்கின் வாயோ முன்பக்கம் திறக்கிறது. உள்ளே கூரான பற்கள். அது புழு, பூச்சிக் குடம்பி, சின்னக் கூனி பிடித்துத் தின்னும் வேட்டை மீன். வயிற்று ஒட்டுறுப்பு ஒன்றாக இருந்தாலும் வாய் வேறு வேறு. ஒன்றுக்குப் பசி இறைச்சிக்கு, மற்றதுக்குப் பசி கல்லுக்கு. இரண்டுக்கும் ஒரே வில்லையைப் போட்டால் இரண்டும்தான் காயும்.

தண்ணீரையும் பார்த்தோம். பின்னேரம் மூன்று மணிக்கு 31 பாகை. பீ.எச். (தண்ணீரின் அமில, கார அளவு) 8.2, பவளக் கல்லின் உபயம். அமோனியா சோதனையில் பச்சை தெரிந்தது, அதாவது தண்ணீரில் அமோனியா இருந்தது. இந்த மூன்றும் சேர்வதுதான் ஆபத்து. அந்தச் சூட்டில் பீ.எச். 8.2 என்றால், இருக்கிற அமோனியாவில் எட்டில் ஒரு பங்கு நச்சு வடிவத்தில் இருக்கும். அதே சூட்டில் பீ.எச். 7 ஆக இருந்தால் நூற்றில் ஒரு பங்குகூட இராது. கப்பிக்கு இந்தக் கல் தோதான அலங்காரம். மென்னீர் ஓடையில் பிறந்து வளர்ந்த மீனுக்கு அது மெல்லிய நஞ்சு.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் எழுந்த கேள்வி, திருப்பி விடுவதா என்பது. பக்கத்து வீட்டு ஐயா ஒருவர், “கன்னியாப் பக்கம் இல்லாட்டி மகாவலியில கொண்டுபோய் விட்டிடுங்கோ, பாவம்” என்றார். வேண்டாம் என்றேன். இந்த மீன் அங்கே உரியதல்ல. கப்பித் தொட்டியில் ஆறு கிழமை இருந்த மீன் என்ன நோயைச் சுமக்கிறது என்று கண்ணால் பார்த்துச் சொல்லவும் முடியாது. பிடித்த அதே ஓடைக்குக் கொண்டுபோவதிலும் அந்த நோய்ப் பயம் உண்டு. அதற்கு மேல், எலும்பும் தோலுமாக இருந்த மீன் இன்னொரு பதினான்கு மணித்தியாலப் பயணத்தைத் தாங்காது. ஆகவே வைத்துப் பார்ப்பது, இனி ஒன்றுகூடப் பிடிப்பதில்லை, யாருக்கும் கொடுப்பதுமில்லை என்று முடிவானது.

இங்கே ஒரு குறையையும் எழுதிவிட வேண்டும். லிப்ஸ்டிக் கோபி இலங்கையில் அச்சுறுத்தலுக்குள்ளான மீன்களில் ஒன்று. தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தில் பாதுகாக்கப்பட்ட மீன்களுக்கென அட்டவணை இருக்கிறது. 1937இன் மூலச் சட்டத்தை 2009ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தத்தோடு சேர்த்து வாசிக்க வேண்டும். வலை வைப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. அவருக்கு மீனின் பெயரே தெரியாது, எனவே பார்க்கவில்லை. எனக்குப் பெயர் தெரிந்தது, நானும் உரிய அலுவலகத்துக்குப் போய்க் கேட்கும்படி அவரிடம் சொல்லவில்லை. மீனைக் காப்பாற்றுகிற அவசரம் என்று அப்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அடுத்தது தொட்டி. பவளக் கல்லை எடுத்துவிட்டோம். ஒரேயடியாகத் தண்ணீர் மாற்றினால் அந்த அதிர்ச்சியே போதும் என்பதால் ஒன்றுவிட்ட ஒரு நாள் பத்து லீற்றர் மட்டும் மாற்றினோம்: பாதி ஆர்.ஓ. தண்ணீர் (உப்பு நீக்கி வடிகட்டியது), பாதி இரவு முழுக்க வாளியில் வைத்த குழாய்த் தண்ணீர். தெரிந்த ஒருவரின் பழைய தொட்டியிலிருந்து அழுக்குப் பஞ்சு ஒரு துண்டு வாங்கி பில்டருக்குள் செருகினோம். பத்து நாளில் அமோனியா காணாமல் போனது. ஒரு சின்னப் பம்பைத் தொட்டியின் ஒரு அந்தத்தில் வைத்து, நீளவாக்கில் தண்ணீர் பாயும்படி செய்தோம். மீன்கள் உடனே அந்த ஓட்டத்துக்கு எதிரே முகத்தைத் திருப்பி வரிசையாக ஒட்டிக்கொண்டன. மீன்கள் வந்த பிறகு அவை அப்படி நின்றதை அம்மா முதல் தடவையாக அன்றைக்குத்தான் கண்டாராம்.

கல்சுரண்டிக்குத் தீன் கடையில் கிடைக்காது, விளைவிக்க வேண்டும். கிணற்றடியில் நல்ல வெயில் விழுகிற இடத்தில் ஒரு பிளாஸ்ரிக் பேசின் வைத்து, தட்டையான கருங்கல் பன்னிரண்டைப் போட்டு, தொட்டியிலிருந்து மாற்றிய பழைய தண்ணீரை அதற்குள் ஊற்றினோம். கல் வழுவழுப்பாகிப் பழுப்புப் படலம் படிய மூன்று கிழமை எடுத்தது. அதற்குள் இரண்டில் ஒரு கல்சுரண்டி செத்துவிட்டது. நான் போன இரண்டாம் நாளே. மற்றது கண்ணாடியிலும் பில்டர்க் குழாயிலும் இருந்த சொற்பத்தைச் சுரண்டித் தாக்குப்பிடித்தது. முதல் கல்லைப் போட்ட அன்று அது கல்லில் ஏறி, ஓர் ஓரத்திலிருந்து தொடங்கி, கோடு கோடாக வழித்துக்கொண்டு போனது. பின்னேரம் பார்த்தால் கல்லில் கோலம் போட்டது போல வெளிர்ந்த வரிகள். நாலு கல் உள்ளே, எட்டுக் கல் வெயிலில், ஞாயிற்றுக்கிழமை தோறும் மாற்று: அதுவே முறையானது.

லிப்ஸ்டிக்குக்கு உயிர்த்தீன். நுளம்புக் குடம்பி நல்ல தீன்தான். ஆனால் டெங்குக் காலத்தில் வளவுக்குள் குடம்பி வளர்த்தால் சுகாதாரப் பரிசோதகர் வந்து நிற்பார், அது சரியும்கூட. எனவே ஆர்டிமியா, உப்பு நீரில் பொரிக்கும் மிகச் சின்னக் கூனி வகை. உப்புவெளிக் கடற்கரை நடந்துபோகிற தூரத்தில் இருப்பதால் உப்புக் கலக்கும் வேலை மிச்சம். ஒரு சோடாப் போத்தலைத் தலைகீழாகக் கட்டி, வடித்த கடல் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி முட்டை போட்டு எயார் பம் விட்டால், எங்கள் சூட்டில் ஒரு நாளில் பொரிந்துவிடும். துணியில் வடித்து, நல்ல தண்ணீரில் அலசிப் போட்டதும் லிப்ஸ்டிக் துப்பாமல் விழுங்கியதை முதல் தடவையாகப் பார்த்தோம். பிறகு பொடியாக நறுக்கிய இறாலையும் எடுக்கப் பழகின.

பங்குனி: கரண்ட் இல்லாத நாட்கள்

எல்லாம் சரிவரும் நேரத்தில் மின்வெட்டு நீண்டது. 2022 பங்குனி முடிவில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. டீசலும் இல்லை என்பதால் ஜெனரேற்றர் பேச்சுக்கே இடமில்லை. பற்றரியில் ஓடும் எயார் பம் திருகோணமலைக் கடைகளில் முடிந்துபோயிருந்தது.

ஓடை மீனுக்கு இது ஏன் உயிர்ப் பிரச்சினை என்றால்: 24 பாகையில் ஒரு லீற்றர் நன்னீர் அதிகபட்சம் 8.4 மில்லிகிராம் ஒட்சிசன் பிடிக்கும், 32 பாகையில் 7.3 தான். சூட்டில் மீனின் தேவை கூடுகிறது, வரத்துக் குறைகிறது. ஓட்டமும் நின்றால் கல்லுக்குக் கீழே தேங்கிய தண்ணீரில் ஒட்சிசன் இன்னும் கீழே போகும். உழுவைகளோ அடியைவிட்டு மேலே வர மனமில்லாதவை.

31ஆம் தேதி இரவு வீட்டில் யாரும் தொட்டியைப் பார்க்கவில்லை. காலையில் இரண்டாவது ஆண் வாயைத் திறந்தபடி செத்துக் கிடந்தது. அம்மா என்னைக் கூப்பிட்டுச் சொன்ன யோசனைதான் மிச்சம் நாலையும் காப்பாற்றியது: “தம்பி, தண்ணி குறைவா, பரப்புக் கூடவா இருந்தா என்ன? குழந்தைப்பிள்ளை குளிக்க வாக்கிற பேசின் ஒண்டு கிடக்கு.”

நான் நினைக்காதது. பேசினில் ஒரு சாண் உயரம் மட்டும் தண்ணீர், நடுவில் படலம் பிடித்த கற்கள், மேலே நுளம்பு வலை. அதற்கு மேல் மேசையில் ஒரு பெயின்ற் வாளி. அடியில் துளையிட்டு எயார் குழாய் செருகி, நீர் ஒரு முழம் உயரத்திலிருந்து கல்லில் விழும்படி வைத்தோம். வாளி காலியாக ஏறத்தாழ நாற்பது நிமிடம். பேசினிலிருந்து கோப்பையால் அள்ளித் திரும்ப வாளிக்குள். அம்மா பகலில், மகன் இரவில். “இது மீன் வளக்கிறதோ, பச்சைப்பிள்ளை வளக்கிறதோ தெரியேல்லை” என்று அம்மா சலித்துக்கொண்டார், ஆனால் ஒரு முறை தவறவில்லை. நீண்ட வெட்டு உள்ள நாட்களில் தீன் போடவில்லை; தின்றால் ஒட்சிசன் இன்னும் தேவை.

இன்னொரு பழக்கத்தையும் மாற்றினோம். கரண்ட் வந்ததும் பில்டரை உடனே போடக் கூடாது. மணித்தியாலக் கணக்கில் அடைபட்டுக் கிடந்த பஞ்சுக்குள் பக்டீரியா செத்து நாறியிருக்கும். போட்டவுடன் அந்த நாற்றம் முழுக்கத் தொட்டிக்குள். பஞ்சைக் கழற்றித் தொட்டித் தண்ணீரிலேயே அலசிவிட்டுத்தான் போட வேண்டும்.

கச்சானும் ஃபானும்

வைகாசியில் கச்சான், அதாவது தென்மேற்கிலிருந்து வீசும் வறண்ட காற்று, தொடங்கியது. எதிர்பாராமல் அது கொஞ்சம் உதவியும் செய்தது. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஒரு சின்ன ஃபானை வைத்தால் ஆவியாகும்போது தண்ணீர் குளிரும். காற்று எவ்வளவு வறண்டதோ அவ்வளவு குளிர்ச்சி. கச்சான் அடிக்கிற பகலில் அறை 34 பாகையாக இருந்தும் தொட்டி 28இல் நின்றது. பின்னேரம் கடற்காற்றுத் திரும்பி ஈரம் ஏறினால் பலன் பாதியாகிவிடும். ஆவியாவதை ஈடுகட்ட நாளுக்கு நாலு லீற்றர் ஊற்ற வேண்டியிருந்தது. அதற்கு ஆர்.ஓ. தண்ணீர் மட்டும்தான்; கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் தண்ணீர் போய் உப்பு மிஞ்சும், இரண்டு மாதத்தில் தொட்டி கடலாகிவிடும்.

தொடர்ந்து நடந்தவை

ஆடியில் ஆணின் சிவப்பு முழுசாகத் திரும்பியது. ஓடையில் எடுத்த படத்தோடு வைத்துப் பார்த்தோம், அதே நிறம். ஆவணியில் ஒரு கல்லை மாற்றத் தூக்கியபோது அதன் அடியில் கடுகிலும் சின்னதான மணிகள் பாய் விரித்தது போல ஒட்டியிருந்தன. கல்லை அப்படியே மெல்ல வைத்துவிட்டோம். இரண்டாம் நாள் இரவு கைவிளக்கு அடித்தால், வெளிச்சத்தில் தூசு போல நூற்றுக்கணக்கில் குஞ்சுகள்.

அவை பிழைக்காது என்று எனக்குத் தெரியும். இந்த இனக் குஞ்சுகள் ஓடையில் பொரிந்தவுடன் நீரோட்டத்தோடு கடலுக்குப் போக வேண்டும். சில நாளுக்குள் உப்பு நீரைச் சேராவிட்டால் தின்னத் தொடங்காமலே செத்துவிடும். கடலில் மாதக்கணக்கில் வளர்ந்து, பிறகுதான் ஆற்று வாய் தேடி மேலேறுகின்றன. இருந்தாலும் கொஞ்சத்தை ஒரு சாடியில் எடுத்துக் கடல் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துப் பார்த்தோம். தொட்டியில் இருந்தவை நாலாம் நாள் ஒன்றுமில்லை. சாடியில் இருந்தவை எட்டாம் நாள் வரை அசைந்தன. அவற்றின் வாய்க்கு ஆர்டிமியாவே யானை. அதற்குப் பிறகு இரண்டு தடவை முட்டை போட்டது. நாங்கள் எதுவும் முயலவில்லை.

ஆண் 2023 நடுப்பகுதியில் இறந்தது. பெண்கள் இரண்டும் 2024 தொடக்கம் வரை இருந்தன. மூன்றிலும் நோய்க்குறி எதுவும் தெரியவில்லை. பிடிக்கும்போதே வளர்ந்த மீன்கள் என்பதால் வயது என்றே எடுத்துக்கொண்டோம்.

எதை மாற்றியிருப்போம்

உரிமையாளரிடம் இதைக் கேட்டபோது, “பிடிச்சிருக்க மாட்டன்” என்றார். எனக்கும் அதுதான் முதல் பதில். முகமூடி போட்டுக்கொண்டு ஓடையில் முகத்தை வைத்துப் பார்த்தாலே போதுமான மீன் இது. மறு வருடம் பெரியம்மா வீட்டுக்குப் போனபோது அதைத்தான் செய்தார்.

சட்டப்படி பிடிக்கக்கூடிய வேறு ஓடை உழுவையை வைக்க நினைப்பவருக்குச் சொல்ல எனக்கு இருப்பது வரிசை பற்றியது. நாங்கள் செய்ததெல்லாம் பின்பக்கமாக நடந்தது: மீன், பிறகு தொட்டி, பிறகு தீன், கடைசியில் பெயர். முதலில் பெயரும் சட்டமும். பிறகு வாயைப் பார்த்துத் தீன் என்னவென்று முடிவு. கல் தின்னும் சாதியென்றால் கல் வெயிலில் ஊறி வழுவழுக்கும் வரை, அதாவது குறைந்தது ஒரு மாதம், மீன் வீட்டுக்குள் வரக் கூடாது. பில்டரும் அதற்குள் பழகிவிடும். மூடி, ஓட்டம், ஃபான், பற்றரிப் பம் எல்லாம் அந்த மாதத்திலேயே. பயணத்துக்கு முதல் நாள் தீன் நிறுத்தி, ஒரு பைக்கு ஒரு மீன், ரெஜிபோம் பெட்டிக்குள். காற்றைக் கடையில் ஒட்சிசன் அடித்தே நிரப்ப வேண்டும். ஒன்பது வேண்டாம். இரண்டு அல்லது மூன்று, அதுவும் ஒரே இனம்.

என் பக்கத்தில் இரண்டு: சட்ட விஷயத்தை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். மின்வெட்டு நேர அட்டவணை முன்கூட்டியே வந்திருந்தது. பேசின் ஏற்பாட்டை 31க்கு முதல் யோசித்திருந்தால் அந்த ஆண் செத்திருக்காது.

இப்போது

கல்சுரண்டி மட்டும் இருக்கிறது. வந்தபோது சுண்டுவிரல் அளவு, இப்போது நடுவிரலைத் தாண்டிவிட்டது. மூன்றடித் தொட்டி முழுக்க அதற்குத்தான். மகனுக்கு இப்போது வேலை மட்டக்களப்பில். ஞாயிற்றுக்கிழமைக் கல் மாற்றுவதை அம்மா செய்கிறார். வழித்து முடித்த கல்லைக் கிணற்றடிப் பேசினுக்குக் கொண்டுபோகும்போது எந்தப் பக்கம் வெயில் பட வேண்டும் என்று சோக்கால் ஒரு புள்ளி வைத்துக்கொள்கிறார்.